ஊசிக்கு முன்பே ஹீரோ: போர்க்காலத் தொடக்கப் படம் ஒன்றைப் பார்ப்பது எப்படி?

மார்வெல் நிறுவனத்தின் சூப்பர்ஹீரோ படங்களை வரிசையாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரைகளில் ஒன்று: "கேப்டன் அமெரிக்கா முதல் பாகம் ரொம்ப மெதுவாகப் போகும். ஆள் பெரிதாகிற வரைக்கும் ஓட்டிவிட்டுப் பார்." அதற்கு அடுத்தபடியாக வருவது: "அது அமெரிக்கா தன் கொடியைத் தானே ஆட்டிக்கொள்கிற படம், அதில் என்ன இருக்கிறது?"

2011-இல் ஜோ ஜான்ஸ்டன் இயக்கத்தில் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால் இந்த இரண்டு பேச்சையும் கேட்கும்போது வருத்தமாகவே இருக்கிறது. தொடக்கப் படம் என்பது என்ன வேலை செய்கிறது, அதைக் கொண்டுபோய் இரண்டாம் உலகப் போர் மாதிரி ஒரு போருக்குள் வைத்தால் என்ன ஆகிறது என்று நிதானமாகப் பேசினால் இரண்டுமே தெளிந்துவிடும். சூப்பர்ஹீரோ படமே பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம். கதை முழுவதும் இதில் வந்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தொடக்கப் படம் என்றால் என்ன?

ஒரு சூப்பர்ஹீரோ எப்படி உருவானார் என்று சொல்லும் படத்தை 'ஆரிஜின்' படம் என்பார்கள். இங்கே தொடக்கப் படம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆள் ஒருவர், அவருக்கு ஏதோ ஒன்று நடக்கிறது, சக்தி வருகிறது, முதல் எதிரியை வீழ்த்துகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான். இப்படிப் பார்க்கும்போது சக்தி வருகிற காட்சிதான் மையம், அதற்கு முன்னால் வருவதெல்லாம் வெறும் காத்திருப்பு என்று தோன்றத்தான் செய்யும்.

கோயில் கொடைக்கு மைக் செட் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பாடுகிறவர் சுருதி சேர்ந்து பாடினால் அது நான்கு தெரு தாண்டிக் கேட்கும். சுருதி பிசகினால் அந்தப் பிசகும் அதே நான்கு தெருவுக்குக் கேட்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு தெரியாது. உள்ளே வருவதைப் பெரிதாக்கி வெளியே விடுவதுதான் அதன் வேலை.

இந்தப் படத்தில் சக்தி தரும் மருந்துக்குப் பெயர் சூப்பர் சோல்ஜர் சீரம். அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஆபிரகாம் எர்ஸ்கின் அதை விளக்குவதும் கிட்டத்தட்ட இப்படித்தான்: ஆளுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அது பெருக்கும், நல்லது மேலும் நல்லதாகும், கெட்டது மேலும் கெடும். அப்படியானால் பார்க்கிற நமக்கு முக்கியமான கேள்வி, ஊசி போடுவதற்கு முன்னால் அந்த ஆளுக்குள் என்ன இருந்தது என்பதுதான். ஓட்டிவிடச் சொல்கிறார்களே, அந்த முதல் பகுதி முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்.

வில்லனும் இதே ஏற்பாட்டில் வருகிறவன்தான். யோஹான் ஷ்மிட் என்ற ஜெர்மன் அதிகாரி, மருந்து முழுமையாகத் தயாராவதற்கு முன்பே அதைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டவன். அவனுக்கும் பலம் வந்தது. கூடவே முகம் சிதைந்து செந்நிற மண்டையோடாகிவிட்டது. ஹீரோவும் வில்லனும் ஒரே ஆளிடமிருந்து ஒரே மருந்தை வாங்கியவர்கள். மருந்து பொது என்றால், வித்தியாசத்தை ஆளிடம்தான் தேட வேண்டும்.

90 பவுண்டு ஆஸ்துமாக்காரன்

பின்னால் கேப்டன் அமெரிக்கா ஆகப்போகிற ஸ்டீவ் ரோஜர்ஸ் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பையன். எடை 90 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 41 கிலோ. ஆஸ்துமா உட்பட நோய்ப் பட்டியல் நீளமாக இருக்கிறது. ராணுவத்தில் சேர ஐந்து முறை வேறு வேறு ஊர்ப் பெயர் போட்டு விண்ணப்பித்து, எல்லா இடத்திலும் தள்ளப்பட்டவன். 1943 ஜூன் மாதம் நியூயார்க் பொருட்காட்சி ஒன்றில் மறுபடி முயலும்போதுதான் எர்ஸ்கின் கண்ணில் படுகிறான்.

நாஜிகளைக் கொல்ல வேண்டும் என்று ஆசையா என்று எர்ஸ்கின் அவனிடம் கேட்கிறார். யாரையும் கொல்ல எனக்கு ஆசையில்லை, எளியவரைப் போட்டு மிரட்டுகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது என்கிற மாதிரி பதில் சொல்கிறான் ஸ்டீவ். போர்ப் படத்தில் ஹீரோ சொல்லும் முதல் முக்கியமான வசனத்தில் தேசம் இல்லை. அந்தப் பதிலுக்காகத்தான் அவனுக்கு இடம் கிடைக்கிறது.

அப்புறம் நியூஜெர்சியில் பயிற்சி முகாம். இங்கே இரண்டு காட்சிகளைக் கவனமாகப் பாருங்கள்.

முதலாவது கொடிக்கம்பம். ஓடிக் களைத்த வீரர்களிடம், கம்பத்தின் உச்சியில் இருக்கும் கொடியை எடுத்து வருகிறவன் ஜீப்பில் ஏறித் திரும்பலாம் என்கிறார் பயிற்சியாளர். எல்லோரும் முட்டி மோதி ஏறிப் பார்த்துச் சறுக்கி விழுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஸ்டீவ் மெதுவாக வந்து, கம்பத்தின் அடியில் உள்ள பூட்டாணியை உருவுகிறான். கம்பம் சாய்கிறது. கொடியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். புத்தி இருக்கிறது என்று காட்டியாயிற்று.

இரண்டாவது, அதைவிட முக்கியமானது. முகாமுக்குப் பொறுப்பான கர்னல் பிலிப்ஸுக்கு ஸ்டீவைப் பிடிக்கவில்லை. வாட்டசாட்டமான வேறொருவனைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எர்ஸ்கினோடு வாதாடுகிறார். தன் வாதத்தை நிரூபிக்க ஒரு கையெறி குண்டை வீரர்களுக்கு நடுவே வீசுகிறார். அது டம்மி, ஆனால் அங்கே யாருக்கும் தெரியாது. அந்த வாட்டசாட்டமான ஆள் உட்பட எல்லோரும் சிதறி ஓடுகிறார்கள். ஸ்டீவ் ஓடி வந்து குண்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, மற்றவர்களை விலகிப் போகச் சொல்லிக் கை காட்டுகிறான். கர்னலின் கண் முன்னாலேயே அவர் வாதம் தோற்கிறது. 41 கிலோ உடம்பால் ஒரு குண்டை அடக்கிவிட முடியுமா என்று அவன் யோசிக்கவே இல்லை. தன்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதைப் போட்டான். இந்தக் காட்சியை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தப் பகுதியை நம்பும்படி எடுத்த விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டீவாக நடித்த கிறிஸ் எவன்ஸ் நல்ல உயரமும் கட்டுமஸ்தான உடம்பும் உள்ளவர். அந்த ஒல்லி உடம்பு வேறு நடிகருடையது என்று பலர் நினைக்கிறார்கள். லியாண்டர் டீனி என்ற நடிகரைச் சில ஷாட்டுகளில் பயன்படுத்தியது உண்மை. பெரும்பாலான ஷாட்டுகளில் எவன்ஸே நடித்து, லோலா என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் அவர் உடம்பைக் கணினியில் சுருக்கியது. குளோசப் எடுக்கும்போது எதிரே நிற்கும் நடிகர்கள் எவன்ஸின் கண்ணைப் பார்க்காமல் தாடையைப் பார்த்துப் பேசினார்கள். எவன்ஸ் அவர்கள் உச்சந்தலையைப் பார்த்துப் பேசினார். அப்படி எடுத்தால்தான் சுருக்கிய பிறகு பார்வைகள் சரியாகச் சேரும். இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் இருக்கிறது. ஊசிக்கு முன்னும் பின்னும் அதே முகம், அதே குரல், அதே கண்கள். உடம்பு மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சக்தி ஒரு பெருக்கி. பெருக்குவதற்கு உரிய குணம் அந்த ஆளிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதித்துக் காட்டுவது தொடக்கப் படத்தின் முதல் வேலை. இந்தப் படம் அந்தச் சோதனைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குகிறது.

ஏன் போருக்குள்?

குணத்தைச் சோதிக்கப் பள்ளிக்கூடமோ தெருச் சண்டையோ போதாதா? போதும்தான், பல படங்கள் அப்படித்தான் செய்கின்றன. போர் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. போர்க்காலத்தில் ஒவ்வொருவர் உடம்புக்கும் அரசாங்கம் ஒரு மதிப்பு போடுகிறது.

அமெரிக்காவில் 1940 செப்டம்பரில் கட்டாய ராணுவச் சேர்க்கைச் சட்டம் வந்தது. போர் முடிவதற்குள் சுமார் ஒரு கோடிப் பேர் அதன் வழியாகப் படைக்குப் போனார்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு குறியீடு போடுவார்கள். 1-ஏ என்றால் தகுதி உண்டு. 4-எஃப் என்றால் தகுதி இல்லை. நண்பர்கள் எல்லோரும் சீருடையில் கிளம்ப, 4-எஃப் முத்திரை விழுந்த காகிதத்தோடு வீட்டுக்குத் திரும்புவது அன்றைய இளைஞனுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பது தெரிந்தால்தான் ஸ்டீவின் பிடிவாதம் புரியும். பொருட்காட்சிக் காட்சியில் நண்பன் பக்கி, உள்ளூரிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறதே என்கிறான். பழைய இரும்பு சேகரிக்கவா, குட்டி வண்டியை இழுத்துக்கொண்டு, என்று ஸ்டீவ் எரிந்து விழுகிறான். ஆயுதத் தொழிற்சாலைகளுக்காகப் பழைய உலோகம் சேகரிப்பது அப்போது உண்மையிலேயே நாடு முழுக்க நடந்த இயக்கம், அதில் பெரும்பகுதி சிறுவர்கள் செய்தார்கள்.

ஆக, போர் இந்தக் கதைக்கு வெறும் பின்னணி ஓவியமாக நிற்கவில்லை. ஒரு மனிதனைப் 'பயன்படாதவன்' என்று எழுத்தில் எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தை அதுதான் கொண்டுவருகிறது. அந்த நிறுவனத்தின் கணக்கு தவறு என்று நிரூபிப்பதுதான் கதை.

நிரூபித்த பிறகாவது அவனை ஒழுங்காகப் பயன்படுத்தினார்களா? இல்லை. அங்கேதான் படம் இன்னும் சுவாரசியமாகிறது.

பத்திரம் விற்கும் பொம்மை

ஊசி போட்ட சில நிமிடங்களில் எதிரி உளவாளி ஒருவன் எர்ஸ்கினைச் சுட்டுவிடுகிறான். மருந்தின் ரகசியம் அவரோடு போய்விட்டது. சாகும்போது பேச முடியாமல், விரலால் ஸ்டீவின் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். ஆயிரக்கணக்கில் உருவாக வேண்டிய படைக்கு ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினான். ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கர்னல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்கிறார். செனட்டர் ஒருவர் மேடைக்கு அனுப்புகிறார்.

போர்ப் பத்திரம் என்றால் என்ன என்று இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். போர்ச் செலவுக்காக அரசாங்கம் பொதுமக்களிடம் வாங்கும் கடன் அது. அமெரிக்காவில் மிகவும் பரவலாக விற்ற வகையை 18.75 டாலர் கொடுத்து வாங்கினால் பத்து ஆண்டில் 25 டாலராகத் திரும்பி வரும். எட்டரைக் கோடிப் பேர் வாங்கினார்கள். மொத்தம் சுமார் 18,500 கோடி டாலர். பணம் திரட்டுவது ஒரு நோக்கம். மக்கள் கையில் காசு அதிகம் புழங்கி விலைவாசி ஏறிவிடாமல் தடுப்பது இன்னொரு நோக்கம். இதை விற்க ஹாலிவுட் நட்சத்திரங்கள் ஊர் ஊராகப் போனார்கள். நடிகை கரோல் லோம்பார்ட் 1942 ஜனவரியில் இண்டியானாவில் பத்திரம் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் விமான விபத்தில் இறந்தார்.

ஸ்டீவுக்குக் கிடைத்த வேலை இதுதான். பின்னால் நடனப் பெண்கள், முன்னால் நீலமும் சிவப்புமாக இறுக்கமான உடுப்பு, மேடையில் ஹிட்லர் வேஷம் போட்டவனுக்குப் பொய்க் குத்து. இதற்கென்று ஆலன் மென்கென் இசையமைத்த பாட்டு அந்தக் காலத்துப் பாட்டாகவே ஒலிக்கிறது. வசனம் மனப்பாடம் ஆகாததால் கேடயத்தின் பின்பக்கம் எழுதி ஒட்டிவைத்துப் பார்த்துப் படிக்கிறான். முதலில் திணறுகிறான், பிறகு பழகிவிடுகிறது, கூட்டம் கைதட்டுகிறது, குழந்தைகள் கையெழுத்து கேட்கிறார்கள். படம் இந்தப் பகுதியை உற்சாகமாகவே காட்டுகிறது. நமக்கும் பிடித்துப்போகிறது.

அப்புறம் 1943 நவம்பர், இத்தாலி. நேச நாட்டுப் படைகள் அந்தச் செப்டம்பரில்தான் இத்தாலியின் பெருநிலத்தில் இறங்கியிருந்தன. போர்முனையிலிருந்து அடிபட்டு வந்திருக்கும் உண்மையான சிப்பாய்கள் முன்னால் அதே நிகழ்ச்சி. ஒருவரும் கைதட்டவில்லை. பெண்களைத் திரும்ப வரச் சொல்லு என்று கத்துகிறார்கள், தக்காளி பறந்து வருகிறது. நிகழ்ச்சி முடிந்து, வெளியே மழை கொட்ட, ஸ்டீவ் ஓரமாக உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறான். படத்தில் ஒரு குரங்கு, தன்னுடைய அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுகிறது. பெகி கார்ட்டர் அதைப் பார்க்கிறார். அவர் முகாமிலிருந்தே ஸ்டீவை அறிந்த பிரிட்டிஷ் அதிகாரி. இதைவிடப் பெரிய காரியத்துக்கு உரியவன் நீ என்று சொல்கிறார். பக்கி இருந்த படைப்பிரிவு எதிரியிடம் மாட்டியிருப்பது தெரியவர, ஸ்டீவ் உத்தரவை மீறித் தனியாகக் கிளம்புகிறான்.

சக்தி வந்த அன்று அவன் ஹீரோ ஆகவில்லை, வேஷம்தான் கிடைத்தது. வேஷத்தைக் கொடுத்தவர்களின் பேச்சைக் கேட்காமல் கிளம்பிய இரவில்தான் கேப்டன் அமெரிக்கா உண்மையில் தொடங்குகிறான்.

சரி, இது பிரச்சாரப் படம் இல்லையா?

பிரச்சாரம் என்றால், மக்கள் மனத்தை ஒரு பக்கம் திருப்ப வேண்டும் என்று திட்டமிட்டுப் பரப்பும் செய்தி. அந்தக் கணக்கில் கேப்டன் அமெரிக்கா பிரச்சாரத்தில் பிறந்தவன்தான். யாருடைய பிரச்சாரம், எப்போது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் உருவாக்கிய காமிக்ஸின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அட்டையில் போட்டிருந்த தேதி 1941 மார்ச். அதில் கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய பிறகு. அதாவது அந்தக் குத்து விழுந்தபோது அமெரிக்க அரசாங்கம் நடுநிலை வகித்துக்கொண்டிருந்தது. போர் நமக்கு வேண்டாம் என்பதுதான் பெரும்பாலான மக்களின் எண்ணமாகவும் இருந்தது. சைமனும் கிர்பியும் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஐரோப்பாவில் தங்கள் மக்களுக்கு நடப்பது அவர்களுக்குத் தெரியும். அரசாங்கம் சொல்லாததை அவர்கள் பத்து சென்ட் புத்தகத்தில் சொன்னார்கள். உள்ளூர் நாஜி ஆதரவாளர்களிடமிருந்து மிரட்டல் வந்ததையும், நியூயார்க் மேயர் லகார்டியாவே போனில் அழைத்துப் பாதுகாப்பு தருவதாகச் சொன்னதையும் சைமன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கிர்பி 1944-இல் காலாட்படை வீரராகப் பிரான்சுக்குப் போய்க் கடுங்குளிரில் கால்கள் பாதிக்கப்பட்டுத் திரும்பினார்.

2011 படம் இந்த வரலாற்றை நன்றாக அறிந்த படம். அந்த அட்டைப்பட இதழையே கதைக்குள் ஒரு பத்திர விளம்பரப் பொருளாக வைக்கிறது. பிரச்சாரம் எப்படித் தயாராகிறது என்பதைக் காட்டுகிறது, அதையே போர்முனை வீரர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி அது எவ்வளவு உள்ளீடற்றது என்றும் காட்டுகிறது. தன்னைத் தானே கொண்டாடிக்கொள்ள மட்டும் விரும்பும் படம் அந்தத் தக்காளியை வைத்திருக்காது.

அதற்காகப் படத்தில் கொடி மோகமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தயாரிப்பாளர்களுக்கே அந்தத் தயக்கம் இருந்தது. ரஷ்யா, உக்ரைன், தென் கொரியா ஆகிய நாடுகளில் 'அமெரிக்கா' என்ற பெயரை விட்டுவிட்டு 'தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' என்று மட்டும் தலைப்பு வைத்து வெளியிட்டார்கள்.

கேடயத்தைப் பின்தொடருங்கள்

முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன்: படம் முழுக்கக் கேடயத்தின் மேல் ஒரு கண் வையுங்கள்.

ஒல்லி ஸ்டீவ் சந்தில் அடி வாங்கும்போது குப்பைத்தொட்டி மூடியைத் தூக்கிப் பிடிக்கிறான். எதிராளி அதைப் பிடுங்கி எறிகிறான். குண்டு விழுந்தபோது மூடிகூடக் கையில் இல்லை, உடம்பே கேடயமாகிறது. ஊசி போட்ட பிறகு உளவாளியைத் துரத்தும் தெருவில், பிய்ந்து விழுந்த டாக்ஸிக் கதவைத் தூக்கித் துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்கிறான். அந்தக் கதவில் ஒரு நட்சத்திரம். மேடையில் கிடைப்பது முக்கோண வடிவிலான நாடகக் கேடயம், பின்னால் வசனம் ஒட்டியது. வீரர்களை மீட்கப் போகும்போது அதையேதான் எடுத்துப் போகிறான். ஷ்மிட் ஒரு குத்து விட்டதும் அது நசுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வைப்ரேனியம் என்ற கற்பனை உலோகத்தால் ஆன வட்டக் கேடயம் கைக்கு வருகிறது. கோபத்தில் இருக்கும் பெகி அதன் மேல் சுட்டே பரிசோதித்துவிடுகிறார்.

இதில் வரலாறும் கலந்திருக்கிறது. காமிக்ஸ் முதல் இதழில் கேடயம் முக்கோணம்தான். வேறு ஒரு பதிப்பகம் தன் ஹீரோவின் மார்புச் சின்னம் போல இருப்பதாகப் புகார் சொன்னதால் இரண்டாம் இதழில் வட்டமாக மாற்றினார்கள். அந்த மாற்றத்தைத் திரைக்கதை ஸ்டீவின் வளர்ச்சிக்குப் படிக்கட்டாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. முக்கோணம் வேஷத்தின் கேடயம், வட்டம் ஆளின் கேடயம்.

போர்ப் படத்து ஹீரோவுக்கு அடையாளமாகத் தாக்கும் ஆயுதத்தைக் கொடுப்பதுதான் வழக்கம். இவன் துப்பாக்கியும் வைத்திருக்கிறான், ஆனால் அவனை அடையாளம் காட்டுவது தடுக்கும் பொருள். குப்பைத்தொட்டி மூடியிலிருந்து அது மாறவே இல்லை, தரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பெருக்கி என்று முதலில் சொன்னது இதைத்தான்.

படம் எதைக் காட்டாமல் விடுகிறது?

பிடித்த படம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. இது இரண்டாம் உலகப் போர்ப் படம், ஆனால் நாஜிகள் இதில் ஓரமாகத்தான் வருகிறார்கள். ஷ்மிட் நடத்தும் ஹைட்ரா என்ற அமைப்பு நாஜி அரசிலிருந்தே பிரிந்துவிடுகிறது. பார்க்க வந்த நாஜி அதிகாரிகளையே அவன் கொன்றுவிடுகிறான். ஹைட்ராவின் ஆயுதங்கள் நீலக் கதிரை வீசுகின்றன, அடிபட்டவர் அப்படியே மறைந்துபோகிறார். ரத்தம் இல்லை, பிணம் இல்லை. யூதப் படுகொலை பற்றிப் பேச்சே இல்லை. நாஜிகள் முதலில் பிடித்த நாடு அவர்களுடைய சொந்த நாடுதான் என்று எர்ஸ்கின் சொல்லும் ஒரு வரிதான் கொஞ்சம் கனம் உள்ளது. யூத இளைஞர்கள் இருவர் கோபத்தில் உருவாக்கிய ஹீரோவின் படத்தில் இந்த மௌனம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இன்னொன்று ஸ்டீவ் சேர்க்கும் சிறு படை. அதில் கறுப்பினத்தவரான கேப் ஜோன்ஸ் இருக்கிறார், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜிம் மொரிட்டா இருக்கிறார். சிறையிலிருந்து விடுவிக்கும்போது ஒருவன் மொரிட்டாவைச் சந்தேகமாகப் பார்க்க, நான் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோக்காரன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடக்கிறார். சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். உண்மையில் 1942 முதல் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. அவர்களை முதலில் திரட்டி வைத்த இடங்களில் ஒன்று இதே ஃபிரெஸ்னோ. இத்தாலியில் அவர்களுடைய பிள்ளைகள் தனிப் படைப்பிரிவாகப் போரிட்டார்கள். கறுப்பின வீரர்களுக்கும் அப்போது தனிப் பிரிவுகள்தான். அந்தப் பிரிவினையை முடிக்கும் உத்தரவை ஜனாதிபதி ட்ரூமன் போட்டது 1948-இல். படம் அன்றைய ராணுவம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படிக் காட்டுகிறது. அது அழகான ஆசைதான், ஆனால் வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலை

தொடக்கப் படத்தின் கடைசி வேலை, சக்திக்கு ஹீரோ என்ன விலை கொடுக்கிறான் என்று காட்டுவது. ஷ்மிட்டின் ராட்சத விமானம் அமெரிக்க நகரங்களை அழிக்கும் குண்டுகளோடு பறக்கிறது. ஷ்மிட் ஒழிந்த பிறகும் விமானம் நிற்கவில்லை. ஸ்டீவ் அதை ஆர்க்டிக் பனியில் இறக்குகிறான், உள்ளே தானும் இருக்க. ரேடியோவில் பெகியோடு, அடுத்த வாரம் நடனமாடப் போவது பற்றிப் பேசிக்கொண்டே.

இப்போது அந்தக் கையெறி குண்டை நினைத்துப் பாருங்கள். அன்று டம்மி, இன்று நிஜம். அன்று 41 கிலோ உடம்பு, இன்று சூப்பர் சோல்ஜர் உடம்பு. அவன் செய்வது அதே காரியம்தான். முதல் பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்தவர்களுக்கு இது வழக்கமான கிளைமாக்ஸ் தியாகம். முழுதாகப் பார்த்தவர்களுக்கு, எர்ஸ்கின் சொன்னது சரி என்பதற்கான நிரூபணம்.

பனியில் உறைந்தவன் கண் விழிப்பது கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் கழித்து. இந்த யோசனை போர்க்கால காமிக்ஸில் இருந்ததில்லை. 1964-இல் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயும் கிர்பியும் அவனை மறுபடி கொண்டுவந்தபோது சேர்த்தது. படத்தில், அவனைப் பதற்றப்படுத்தாமல் இருக்க 1940-களின் அறை மாதிரி ஒன்றை ஜோடித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். வானொலியில் பேஸ்பால் வர்ணனை ஓடுகிறது. அது 1941-இல் நடந்த ஆட்டம் என்று ஸ்டீவ் கண்டுபிடித்துவிடுகிறான், ஏனென்றால் அன்று மைதானத்தில் அவனே உட்கார்ந்திருந்தான். கொடிக்கம்பத்துப் பூட்டாணியை உருவிய அதே புத்தி.

சக்தி கிடைக்கும் காட்சியே இல்லாவிட்டால்?

இந்த விளக்கம் இந்த ஒரு படத்துக்கு மட்டும் பொருந்துவதாக இருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை. அதனால் அடுத்து பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 'வொண்டர் உமன்' (2017) பாருங்கள் என்பேன். அந்தப் பாத்திரமும் 1941-இல் வந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வளர்ந்தது. படம் அதை முதல் உலகப் போருக்கு, 1918-க்கு மாற்றிவைத்தது.

அதில் நாயகி டயானாவுக்கு ஊசியும் இல்லை, விபத்தும் இல்லை. பிறவியிலேயே பலசாலி. அப்படியானால் தொடக்கப் படம் எதைச் சோதிக்கும்? அவள் நம்பிக்கையை. போருக்குக் காரணம் ஏரிஸ் என்ற ஒரே ஒரு போர்க் கடவுள், அவனைக் கொன்றால் போர் நின்றுவிடும் என்று நம்பித்தான் அவள் தன் தீவிலிருந்து கிளம்புகிறாள். தெளிவான வில்லன் உள்ள இரண்டாம் உலகப் போரில் இந்த நம்பிக்கையைச் சோதிக்க முடியாது. யார் நல்லவர் என்றே தெரியாமல் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் பதுங்குகுழியில் செத்துக்கொண்டிருந்த போர் அதற்கு வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்தவர்கள் போர் என்பது தொடக்கக் கதையில் என்ன வேலை செய்கிறது என்று நன்றாகப் புரிந்தவர்கள்.

இரண்டு பக்கப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே உள்ள வெட்டவெளியில் அவள் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எந்திரத் துப்பாக்கிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்ப, பின்னாலிருக்கும் வீரர்களுக்கு ஓடி வர வழி கிடைக்கிறது. வெல்ட் என்ற கிராமம் மீள்கிறது. இரவில் எல்லோரும் ஆடுகிறார்கள். விரைவிலேயே அதே கிராமத்தின் மேல் விஷவாயுக் குண்டு விழுந்து எல்லோரும் சாகிறார்கள். லூடன்டார்ஃப் என்ற ஜெர்மன் தளபதிதான் ஏரிஸ் என்று எண்ணி அவள் அவனைக் கொல்கிறாள். போர் நிற்கவில்லை. சுற்றிலும் மனிதர்கள் குண்டுகளை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குப் பிறகு உண்மையான ஏரிஸ் வந்து, வானத்தில் பெரிய சண்டை நடக்கிறது. அந்தச் சண்டை படத்துக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. தளபதி செத்த பிறகும் வேலை நிற்காத அந்த விமானதளத்தில், டயானாவின் தொடக்கக் கதை முடிந்துவிட்டது.